நிவாரணம் கொண்டு போறதுக்கு முன்னாடி இதை ஒரு தடவை படிச்சுட்டு போங்க

2025 மார்ச் 28, வெள்ளிக்கிழமை மத்தியானம் நம்ம மியான்மர்ல மாந்தலே, சகாயிங் பக்கம் 7.7 அளவுல பூமி அதிர்ந்துச்சு, ரெண்டு நாளைக்குள்ள யாங்கோன்ல எங்க கோயில் மண்டபம் மூட்டை மூட்டையா நிறைஞ்சு போச்சு. அந்த மூட்டைங்களை பிரிச்சவங்கள்ல நானும் ஒருத்தி. பட்டுச்சேலை, கோட்டு, ஹீல்ஸ் செருப்பு, குழந்தைங்க ஸ்வெட்டர், பெட்டி பெட்டியா நூடுல்ஸ். மாந்தலேல அப்ப 40 டிகிரி வெயில், ஜனங்க வீட்டுக்குள்ள போகவே பயந்து ரோட்டுல பாயை போட்டு படுத்து கிடக்காங்க, தண்ணி இல்ல, அடுப்பு இல்ல, அந்த நூடுல்ஸை எதுல வேக வைப்பாங்க சொல்லுங்க. கொடுத்தவங்க மனசுல ஒரு குறையும் கிடையாது, பாதி பேர் கண்ணு கலங்கித்தான் கொண்டு வந்து வச்சாங்க. அங்க இருக்கிறவங்க கிட்ட ஒரு வார்த்தை கேக்காம அனுப்புறோமே, அதுதான் தப்பு.

நான் 2008ல நர்கிஸ் புயல் அடிச்சப்ப இந்த வேலைக்குள்ள வந்தேன், அப்ப எனக்கு 20 வயசு. மே 2ஆம் தேதி ராத்திரி அடிச்ச புயல், 1,38,000 பேருக்கு மேல செத்தும் காணாமலும் போனாங்க. வெளிநாட்டு நிவாரண ஆளுங்களுக்கு மூணு வாரம் விசாவே சரியா கிடைக்கல, மே 23ஆம் தேதி அப்ப ஐநா பொதுச்செயலாளரா இருந்த பான் கி மூன் நேர்ல வந்து பேசின பிறகுதான் கதவு திறந்துச்சு. அந்த மூணு வாரமும் ஐராவதி டெல்டா கிராமங்களுக்கு அரிசி கொண்டு போனது யாரு, பொங்ஜிங்க அதாவது புத்த பிக்குங்க, கடைக்காரங்க, காலேஜ் பிள்ளைங்க, கோயில் சங்கம், பரஹித குரூப்புன்னு சொல்ற ஊர் தொண்டு குழுங்க. இப்பவும் நிலைமை அப்படித்தான் போயிட்டு இருக்கு. 2021 பிப்ரவரியில ராணுவம் ஆட்சியை பிடிச்சதுக்கு அப்புறம் சண்டையில வீட்டை விட்டு ஓடினவங்க 35 லட்சத்துக்கு மேலன்னு ஐநா சொல்லுது, காசு இல்லன்னு 2025 ஏப்ரல்ல இருந்து பத்து லட்சம் பேருக்கு மேல உணவு நிறுத்துறோம்னு உலக உணவுத் திட்டமே அறிவிச்சாங்க. அதனால பெரிய ஆளுங்க வருவாங்கன்னு உக்காந்திருக்க முடியாது, நம்ம தம்பி தங்கச்சிங்கதான் லாரி ஏறுறாங்க. ஏறுங்க, ஆனா ஒழுங்கா ஏறுங்க. நான் வெளிநாட்டு அமைப்புல வேலை பாத்து கத்துக்கிட்டதையும் கோயில் லாரியில போய் கத்துக்கிட்டதையும் சேர்த்தே எழுதுறேன்.

லாரிக்கு முன்னாடி பைக் போகணும்

சாமான் வாங்குறதுக்கு முன்னாடி ரெண்டு பேரு மூணு பேரு பைக்ல போய் பாத்துட்டு வாங்க. மூணு பேர்ல ஒரு பொம்பளை கட்டாயம் இருக்கணும், ஏன்னு கீழ சொல்றேன். போனவுடனே "உங்களுக்கு என்ன வேணும்"னு கேக்காதீங்க. அப்படி கேட்டா நீங்க எதை கொண்டு வந்திருப்பீங்கன்னு அவங்க யோசிச்சு அதையே சொல்லுவாங்க, இல்லன்னா எல்லாமே வேணும்னு சொல்லுவாங்க, அவங்க இருக்கிற நிலைமையில நாமளும் அப்படித்தான் சொல்லுவோம். நேத்து ராத்திரி என்ன சாப்பிட்டீங்க, எதுல சமைச்சீங்க, தண்ணி எங்க இருந்து வருது, எத்தனை நடை எடுக்கிறீங்க, ராத்திரி டாய்லெட்டுக்கு எங்க போறீங்க, யாருக்காவது பிரஷர் மாத்திரை சுகர் மாத்திரை தீர்ந்து போச்சா, இப்படி கேளுங்க. பதில்ல இருந்து தேவை தானா வெளிய வரும்.

ஆம்பளைங்களை தனியா, பொம்பளைங்களை தனியா கேளுங்க. மாந்தலே பக்கம் ஒரு இடத்துல பெரியவங்க எல்லாம் உக்காந்து தார்ப்பாய், அரிசி, கொசுவலைன்னு சொன்னாங்க, சரின்னு எழுதிக்கிட்டோம். அப்புறம் ஒரு அக்கா என்னை ஓரமா கூட்டிட்டு போய் மெதுவா சொன்னாங்க, ரோட்டோரத்துல எல்லாரும் பாக்க லுங்கியை நெஞ்சுக்கு மேல கட்டிக்கிட்டு குளிக்கிறோம், ஒரே லுங்கிதான் இருக்கு, ஈர லுங்கியோடயே காய காய உக்காந்திருக்கோம்னு. பொம்பளைக்கு ரெண்டு லுங்கி, அதுவும் கருப்பு இல்ல கருநீலம் மாதிரி அடர்த்தி கலர்ல, உள்ளாடை, சானிட்டரி பேடு, ஒரு வாளி, மறைப்பு கட்ட ஒரு தார்ப்பாய். அந்த லிஸ்ட் எந்த ஆம்பளை வாயில இருந்தும் வந்திருக்காது. மூணு பேர்ல ஒரு பொம்பளை வேணும்னு சொன்னது இதுக்குத்தான்.

ஒண்ணு முக்கியம், பாக்க போறப்ப எதையும் வாக்கு கொடுக்காதீங்க. "பாத்துட்டு போறோம், என்ன முடியுதுன்னு புதன்கிழமைக்குள்ள சொல்றோம்"னு சொல்லுங்க, முடியலன்னாலும் அந்த புதன்கிழமை போன் போட்டு முடியலன்னு சொல்லிருங்க.

கணக்கு போடுங்க, கண்ணால அளக்காதீங்க

உலகம் பூரா நிவாரண ஆளுங்க வச்சிருக்கிற ஒரு அளவுக்கு ஸ்பியர்னு பேரு, 1997ல ஆரம்பிச்சது, கடைசி பதிப்பு 2018. நம்ம சின்ன லாரிக்கும் அது அப்படியே உதவும். ஆளுக்கு ஒரு நாளைக்கு குடிக்க சமைக்க கழுவ எல்லாம் சேர்த்து குறைஞ்சது 15 லிட்டர் தண்ணி. 80 குடும்பம், 400 பேர்னு வைங்க, அப்ப ஒரு நாளைக்கு 6,000 லிட்டர், 20 லிட்டர் தண்ணி கேன்ல 300 கேன். இந்த கணக்கை போட்டு பாத்தவுடனேயே பாட்டில் தண்ணி தூக்கிட்டு போறது வேலைக்கு ஆகாதுன்னு தெரிஞ்சிரும், டேங்க்கும் மோட்டாரும் குளோரினும்தான் வழி. குளோரின் போட்டா அரை மணி நேரம் விடணும், அதுக்கப்புறம் டெஸ்ட் பண்ணி பாத்தா ஒரு லிட்டருக்கு 0.2ல இருந்து 0.5 மில்லிகிராம் மிச்சம் இருக்கணும், நீச்சல் குளத்துக்கு பாக்கிற அந்த சின்ன டெஸ்ட் கிட் போதும். கலங்கல் தண்ணியில குளோரின் வேலை செய்யாது, முதல்ல தெளிய விட்டு வடிகட்டுங்க.

டாய்லெட் ஆரம்பத்துல 50 பேருக்கு ஒண்ணு, அப்புறம் 20 பேருக்கு ஒண்ணுன்னு கொண்டு வரணும். ஆம்பளைங்களுக்கு ஒண்ணுன்னா பொம்பளைங்களுக்கு மூணு, உள்ள இருந்து தாழ்ப்பாள், பக்கத்துல சோலார் லைட். தாழ்ப்பாள் பத்து நிமிஷ வேலைதான், ஆனா அது இல்லன்னா பொம்பளைப் பிள்ளைங்க பொழுது சாஞ்சதும் தண்ணி குடிக்கிறதையே நிறுத்திருவாங்க.

சாப்பாட்டுக்கு ஆளுக்கு ஒரு நாளைக்கு 2,100 கலோரி. அரிசி ஆளுக்கு 400 கிராம், பருப்பு 60 கிராம், எண்ணெய் 25 கிராம், உப்பு 5 கிராம்னு வச்சுக்கிட்டா அஞ்சு பேர் குடும்பத்துக்கு பத்து நாளைக்கு 20 கிலோ அரிசி, 3 கிலோ பருப்பு அதாவது நம்ம ஊர் வீசையில (ஒரு வீசை கிட்டத்தட்ட 1.6 கிலோ) ரெண்டு வீசைக்கு கொஞ்சம் கம்மி, எண்ணெய் முக்கால் வீசை, உப்பு கால் கிலோ. இது மட்டும் 2,100ஐ தொடாது, அதனால கருவாடு, நப்பி (மீன், இறால் விழுது), வெல்லம்னு கொஞ்சம் சேருங்க. டின் கறி வேண்டாம், பௌத்தர்ல நிறைய பேர் மாடு தின்ன மாட்டாங்க, முஸ்லிம்ங்க பன்னி தின்ன மாட்டாங்க, நம்ம ஆளுங்க ரெண்டும் வேண்டாம்பாங்க. பருப்பு எல்லார் வீட்டுலயும் கொதிக்கும்.

மார்க்கெட் திறந்திருக்கா, நடந்து போற தூரத்துல கடையில சாமான் இருக்கான்னு பாருங்க. இருந்தா பணமாவே கொடுங்க, தயங்காதீங்க. பணமா கொடுத்தா சாராயத்துக்கு போயிரும்னு சங்கத்து பெரியவங்க சொல்லுவாங்க, நான் வீடு வீடா போய் பாத்த வரைக்கும் அரிசி, மருந்து, கூரைத் தகடு, வட்டிக்கடன் இதுக்குத்தான் போகுது. கடை இல்லாத இடத்துக்கு மட்டும் சாமான் ஏத்துங்க, அதையும் முடிஞ்ச வரைக்கும் பக்கத்து டவுன்லயே வாங்குங்க, அந்த கடைக்காரங்களும் இடி விழுந்தவங்கதான்.

லிஸ்ட்ல இல்லாத ஆள்

இங்க கொஞ்சம் நின்னு படிங்க, நான் ரொம்ப வருத்தப்பட்டு கத்துக்கிட்ட விஷயம் இது.

எந்த ஊருக்கு போனாலும் நூறு வீட்டுத் தலைவர், அதாவது அந்த வட்டாரத்தை பாத்துக்கிற நிர்வாக ஆள், ஒரு லிஸ்ட் கொடுப்பார், அவசரத்துல நாமளும் அதை வாங்கி அப்படியே டோக்கன் போட்டுருவோம். சகாயிங் பக்கத்துல ஒரு ஊர்ல நான் அப்படித்தான் செஞ்சேன். லிஸ்ட்ல 83 குடும்பம், லாரியில 83 மூட்டை, எல்லாம் கணக்கா முடிஞ்சுது, தார்ப்பாயை மடிக்கிறோம், அப்ப புளிய மரத்து பக்கத்துல ஒரு பாட்டி நிக்கிறாங்க. காலையில இருந்தே அங்கதான் நின்னிருக்காங்க. காலி அரிசி சாக்கை நாலா மடிச்சு கக்கத்துல வச்சிருக்காங்க, வாயைத் திறந்து ஒண்ணும் கேக்கல. விசாரிச்சா, யாரோ ஒருத்தர் வீட்டு கொல்லையில வாடகைக்கு ஒண்டியா இருக்காங்க, அந்த ஊர் குடும்ப லிஸ்ட்ல பேரும் இல்ல, மப்போந்தினும், அதாவது அடையாள கார்டும் இல்ல. எங்க கையில மிச்சம் எதுவும் இல்ல. டிரைவர் அண்ணன் ஒண்ணும் பேசாம நாங்க வழியில சமைக்க வச்சிருந்த அரிசியை கொண்டு வந்து அந்த சாக்குல கொட்டினார். அது மூணு நாளைக்கு வந்திருக்குமா தெரியாது.

கார்டு இல்லாத ஆளை நமக்கு தெரியாதா? 1982 குடியுரிமை சட்டத்துக்கு அப்புறம் நம்ம தாத்தா பாட்டி எத்தனை பேர் வெளிநாட்டவர் பதிவு பேப்பரோடயே செத்துப் போனாங்க, நம்மள்ல எத்தனை பேர் வீட்டுல இன்னும் ஒருத்தருக்காவது சரியான கார்டு இல்லாம இருக்கு. கார்டை காட்டினாத்தான் அரிசின்னு சொல்ற நிவாரணத்தை நாம செய்யவே கூடாது. பேரும் எத்தனை பேர்ங்கிறதும் போதும்.

அதனால இப்ப நான் செய்யறது இது. தலைவர் லிஸ்டை வாங்குவேன், பொங்ஜி சௌங்ல, அதாவது பிக்குங்க மடத்துல ஒரு லிஸ்ட் கேப்பேன், பள்ளிவாசல் சர்ச் கோயில் எது இருக்கோ அங்க ஒரு லிஸ்ட், மருத்துவச்சி கிட்ட கர்ப்பிணிங்க லிஸ்ட். எல்லாத்தையும் வச்சுக்கிட்டு சந்து சந்தா நடந்து போவேன், அடுப்பை எண்ணுவேன். ஒரு வீட்டுல மூணு அடுப்புன்னா மூணு குடும்பம். ஒவ்வொரு வீட்டுலயும் "உங்க பக்கத்துல வெளிய வரவே முடியாத ஆள் யாராவது இருக்காங்களா"ன்னு ஒரு கேள்வி. கடைசியில நூறு மூட்டைக்கு பத்து மூட்டை தனியா எடுத்து வைப்பேன், அது மரத்தடியில நிக்கிறவங்களுக்கு.

சண்டை நடக்கிற பகுதியா இருந்தா லிஸ்டை சுவத்துல ஒட்டாதீங்க, வாட்ஸ்ஆப் மெசஞ்சர்ல அனுப்பாதீங்க. யாரு எங்க இருக்காங்கன்னு சொல்ற பேப்பர் தப்பான கைக்கு போனா உயிருக்கே ஆபத்து. டோக்கன்ல நம்பர் மட்டும் போடுங்க, பேர் உள்ள நோட்டு ஒருத்தர் கிட்ட மட்டும் இருக்கட்டும், வேலை முடிஞ்சதும் கிழிச்சு எரிச்சிருங்க.

கொடுக்கிற நாள்

வெயில் ஏறுறதுக்கு முன்னாடி முடிங்க. 1ல இருந்து 40 வரை ஏழு மணிக்கு, 41ல இருந்து 80 வரை எட்டரைக்குன்னு டோக்கன்லயே நேரம் எழுதிட்டா தள்ளுமுள்ளு பாதி குறையும். நிழல், குடிதண்ணி, உக்கார பாய். உள்ள வர வழி ஒண்ணு, வெளிய போற வழி வேற. லாரி மேல நின்னு தூக்கி எறியவே எறியாதீங்க, எவ்வளவு கூட்டம் கத்தினாலும் எறியாதீங்க, வலுவானவன் பிடிப்பான், குழந்தை மிதிபடும். கூட்டம் கட்டு மீறிச்சுன்னா கதவை சாத்திட்டு ஊர் பெரியவங்களை கூப்பிட்டு உக்கார வச்சு பேசுங்க, தேவைன்னா மறுநாள் திரும்பி வந்து கொடுங்க.

மூட்டையில என்னென்ன எவ்வளவு இருக்குன்னு ஒரு அட்டையில பர்மீஸ்ல பெருசா எழுதி வாசல்ல வைங்க, குறைஞ்சா அவங்களே கேப்பாங்க. கீழ ஒரு போன் நம்பர், புகார் சொல்ல. சாமான் வாங்கினவர் வேற, எண்ணி இறக்கினவர் வேற, கணக்கு எழுதினவர் வேறயா இருக்கணும், இதுல அண்ணன் தம்பி சந்தேகம் எல்லாம் கிடையாது, எல்லாருக்கும் பாதுகாப்பு.

போட்டோ விஷயம். கொடுத்தவங்களுக்கு காட்டணும்னு சங்கத்துல கேப்பாங்க, எனக்கும் தெரியும். மூட்டையை எடுங்க, லாரியை எடுங்க, வாங்குற ஆளோட முகத்தை எடுக்கணும்னா முதல்ல கேளுங்க, வேண்டாம்னா சாமான் குறையாதுன்னும் சொல்லுங்க. சாமானோட சேர்ந்து சாமியார் படமோ பிரசங்கமோ போகக்கூடாது. எந்த மதம் எந்த கட்சின்னு பாக்காம தேவையை மட்டும் பாத்து கொடுக்கணும்னு செஞ்சிலுவைக்காரங்க 1994லேயே எழுதி வச்ச நடத்தை விதி அது, நம்ம பீலிக்கான் கோயில் திருவிழா அன்னதானத்துல மட்டும் யாரு என்ன ஜாதி என்ன மதம்னு கேட்டா இலை போடுறாங்க?

இதை வெக்கப்படாம சொல்லிடறேன், நிவாரணத்துக்கு பதிலா உடம்பை கேக்கிறவன் எல்லா நாட்டுலயும் இருக்கான். 2002லேயே ஐநாவும் மத்த அமைப்புங்களும் சேர்ந்து விதி போட்டாச்சு, உதவிக்கு பதிலா அப்படி எதையும் கேக்கக்கூடாது, 18 வயசுக்கு கீழ யாரையும் தொடக்கூடாது, தெரிஞ்சா மறைக்காம சொல்லணும். கிளம்புறதுக்கு முன்னாடி டீம்ல எல்லாரையும் உக்கார வச்சு இதை வாய் விட்டு சொல்லுங்க. கேக்கவே சங்கடமா இருக்குன்னு சொல்ற தம்பியும் கேட்டுத்தான் ஆகணும்.

வழியில

எந்த பாதை, எந்த செக்போஸ்ட் கேட்ல யாரு, என்ன பேப்பர் காட்டணும், இது எல்லாத்தையும் அந்த ரோட்டுல தினமும் ஓட்டுற டிரைவர் கிட்ட கேளுங்க, மேப்பை நம்பாதீங்க. போகுறதுக்கு முன்னாடி சண்டை போடுற ரெண்டு பக்கத்துக்கும் நாம வர்றது தெரிஞ்சிருக்கணும். வண்டியில துப்பாக்கி வச்ச ஆள் யாரையும் ஏத்தாதீங்க, சொந்தக்காரனா இருந்தாலும் ஏத்தாதீங்க, யூனிபார்ம் மாதிரி பச்சை சட்டை போடாதீங்க. கேட்ல போனை வாங்கி உள்ள இருக்கிறதை பாப்பாங்க, தேவையில்லாததை வீட்டுலயே விட்டுட்டு போங்க. நாலு மணிக்குள்ள தங்குற இடத்துக்கு வந்திரணும், வீட்டுல ஒருத்தர் ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை உங்க போனை எதிர்பாத்து உக்காந்திருக்கணும்.

கண்ணிவெடியை சாதாரணமா எடுக்காதீங்க. 2023ல உலகத்துலயே அதிகமா கண்ணிவெடியில செத்ததும் காயம்பட்டதும் நம்ம நாட்டுலதான், 1,003 பேர். ஒத்தையடிப் பாதையை விட்டு இறங்காதீங்க, ஒண்ணுக்கு போகக்கூட புதருக்குள்ள போகாதீங்க, ஆள் நடமாட்டம் இல்லாத தோட்டம், உடைஞ்ச பாலம், காலி வீட்டு வாசப்படி இதையெல்லாம் சந்தேகப்படுங்க. எதையாவது பாத்துட்டா அப்படியே நின்னு கூட வர்றவங்களுக்கு சத்தம் கொடுத்துட்டு வந்த காலடித் தடத்துலயே திரும்பி வாங்க, அந்த தடமே தெரியலன்னா ஒரு அடி கூட வைக்காம நின்ன இடத்துலயே நின்னு ஆள் வர்ற வரைக்கும் காத்திருங்க.

வேலையாவே செய்யணும்னு நினைக்கிறவங்களுக்கு

நிறைய தங்கச்சிங்க கேக்கிறாங்க, வெளிநாட்டு அமைப்புல எப்படி சேர்றதுன்னு. ரிலீஃப்வெப்ங்கிற இணையதளத்துல வேலை அறிவிப்பு வரும், கயான்னு ஒரு தளத்துல இலவசமா கோர்ஸ் படிக்கலாம். டாக்டர் நர்ஸ் மட்டும்தான் வேணும்னு நினைக்காதீங்க, கணக்கு எழுதுறவங்க, கோடவுன் பாக்கிறவங்க, டிரைவர், தண்ணி எஞ்சினியர்னு ஆள் கிடைக்காம திண்டாடுறாங்க. பர்மீஸ், இங்கிலீஷ், தமிழ்னு நம்ம வீட்டுப் பிள்ளைங்க மூணு பாஷை பேசும், அது பெரிய பலம், கூட ஷான், கரென் பாஷைல ஏதாவது ஒண்ணு கத்துக்கோங்க. ஆனா கையெழுத்து போடுறதுக்கு முன்னாடி இன்சூரன்ஸ் இருக்கா, சண்டை வந்தா வெளிநாட்டு ஆளை கூட்டிட்டு போற வண்டியில உங்களுக்கும் இடம் இருக்கா, அடிபட்டா யார் செலவுன்னு கேட்டு எழுத்துல வாங்குங்க. 2024ல உலகம் பூரா 380க்கு மேல நிவாரண ஆளுங்க கொல்லப்பட்டாங்க, அதுல ரொம்ப பெரும்பான்மை அந்தந்த நாட்டு ஆளுங்கதான். கேக்கிறது மரியாதைக் குறைவு இல்ல.

திரும்பி போங்க

கொடுத்துட்டு வந்ததோட வேலை முடியல, பத்து நாள் கழிச்சு லாரி இல்லாம சும்மா ரெண்டு பேர் திரும்பி போங்க. வீட்டுக்குள்ள உக்காருங்க, பானையை பாருங்க, எது தீர்ந்துச்சு, எது தொடாம இருக்கு, எதை வித்தாங்க. வித்ததை தப்பா எடுக்காதீங்க, எது வேணுமோ அதை வாங்கத்தான் வித்திருப்பாங்க, அடுத்த தடவை அதை கொண்டு போங்க.

அந்த புளிய மரத்து ஊருக்கு நாங்க அப்படி திரும்பி போனோம், பாட்டிக்கு தனியா ஒரு மூட்டையோட. அதே தெருவுல ஒரு கால் இல்லாத தாத்தா வீட்டுல எல்லாம் இருந்துச்சு, எண்ணெய் மட்டும் இல்ல. ஏன் தாத்தா, எண்ணெய் கிடைக்கலையான்னு கேட்டேன். கிடைச்சுதும்மா, 20 கிலோ மூட்டையை நான் எப்படி தூக்குறது, சைக்கிள் ரிக்ஷா ஓட்டுற சைக்காக்காரன் என் வீடு வரைக்கும் கொண்டு வந்து போட்டான், கையில காசு இல்ல, எண்ணெயை அவனுக்கு கூலியா கொடுத்துட்டேன்னார். சைக்காக்காரரை கேட்டா அவர் வீடும் இடிஞ்சு கிடக்கு. அதுல இருந்து எங்க நோட்டுல ஒவ்வொரு லோடுக்கும் அரிசி விலைக்கு மேலயே ஒரு வரி எழுதிடறோம், சைக்கா வாடகை, ஆறு வண்டி, காலையில இருந்து மத்தியானம் வரை.